யாருடைய கை

அந்தச் சட்டையை முதன்முதலில் போட்டுவிட்ட நாளில், முதல்நிலைக் காவலர் மங்கையர்க்கரசி பத்து நிமிடத்தில் தூங்கிப்போனாள். அவள் மட்டுமல்ல. நெடுங்கரை காவலர் பயிற்சி மையத்தின் நீண்ட கூடத்தில் வரிசையாகப் போட்டிருந்த நாற்பத்திரண்டு கட்டில்களில் பாதிக்கு மேற்பட்டவற்றிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. பதின்மூன்று வருடப் பணியில், மதியம் இரண்டு மணிக்குப் படுத்துக்கொள்ளச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது அதுதான் முதல்முறை.

சட்டை கறுப்பு நிறம். கழுத்திலிருந்து விரல் நுனி வரை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உட்புறம் முழுக்கக் கடுகு அளவில் உலோகப் பொட்டுகள். இயக்கினால் எறும்பு ஊர்வது போலிருக்கும், அவ்வளவுதான்.

"உங்க உடம்புக்குள்ள நாங்க எதையும் ஏத்தப் போறதில்ல" என்றார் டாக்டர் பர்வீன். நரம்பியல் ஆராய்ச்சியாளர். இந்த ஆய்வை நடத்துபவர் அவர்தான். "நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சண்டை போடும்போது அவரோட தசைங்க எந்த வரிசையில இறுகுது, எந்த வரிசையில தளருதுன்னு பதிவு பண்ணி வெச்சிருக்கோம். இந்தச் சட்டை அதே வரிசையை உங்க தசைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும். சைக்கிள் ஓட்டிப் பழகின கால் மறக்காதுல்ல, அந்த மாதிரி. நாலு வருஷம் ஆகிற பயிற்சி நாப்பது நாள்ல வந்துடும்."

"யாரோட கை மேடம் எங்களுக்கு வரும்?" என்று கேட்டாள் மங்கையர்க்கரசி. மையத்தில் எல்லோரும் அவளை அரசி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பேர் கையைப் பதிவு பண்ணியிருக்கோம். ஒருத்தர் ராணுவத்துல கமாண்டோக்களுக்குப் பயிற்சி கொடுத்த சுபேதார். இன்னொருத்தர் உங்க ஆளுதான். தலைமைக் காவலரா இருந்து ரிட்டயர் ஆன ஆரோக்கியசாமி. லத்தியைத் தூக்காமலே ஆளைப் பிடிக்கிறவர்னு பேர் வாங்கினவர். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சா ஒப்பிட்டுப் பாக்கறதுல அர்த்தமே இல்ல."

பின்வரிசையிலிருந்து ஒரு காவலர் கேட்டார். "ரெண்டுக்கும் என்ன மேடம் வித்தியாசம்? அடின்னா அடிதானே."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "ராணுவக்காரருக்கு எதிர்ல நிக்கிறவன் எதிரி. சீக்கிரம் முடிஞ்சா போதும், அவன் அப்புறம் என்ன ஆனான்னு கவலையில்ல. போலீஸுக்கு எதிர்ல நிக்கிறவன் யாருன்னே தெரியாது. திருடனா இருக்கலாம், திருட்டுக் கொடுத்தவனாவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் மறுநாள் கோர்ட்ல அவன் முழுசா வந்து நிக்கணும். அதனால முறையே வேற."

நாற்பது நாள் கழித்துப் பஞ்சு அடைத்த உடை போட்ட ஆட்களை எதிரில் நிறுத்திச் சோதனை வைத்தார்கள். சிலர் மூன்று விநாடியில் ஆளைத் தரையில் சாய்த்தார்கள். அவர்களிடம் சிக்கிய ஒருவருக்குப் பஞ்சு உடையையும் மீறி விலா எலும்பில் விரிசல் விட்டது. வேறு சிலருக்கு எட்டு ஒன்பது விநாடி ஆனது. ஆனால் எதிராளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அரசி எட்டு விநாடியில் மணிக்கட்டைப் பிடித்து, தோளைத் திருப்பி, ஆளை முழங்காலிட வைத்தாள். தன் கை போகிற போக்கைப் பார்த்து அவளுக்கே வியப்பாக இருந்தது. இரண்டு முறை செய்தும் ஒரே மாதிரி வந்தது.

"உனக்கு ஏட்டய்யா கைதான்" என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

பிறகு சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எல்லோரையும் அவரவர் நிலையத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதம் வழக்கமான பணி. தெருவில் என்ன நடக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அதன்பின் கம்ப்யூட்டரில் பூட்டிவைத்த பட்டியலைத் திறந்து, எந்த முறை நல்லது என்று டிஎஸ்பி ராஜமன்னார் அரசுக்கு அறிக்கை கொடுப்பார். மாநிலம் முழுக்கச் சட்டை வாங்குவது அந்த அறிக்கையைப் பொறுத்தது.

ஏழாவது வாரம், ஒரு முகூர்த்த நாளின் காலையில் அது நடந்தது.

நெடுங்கரை பேருந்து நிலையத்தில் நிற்க இடமில்லை. திருச்சி பேருந்து வந்து நிற்கிற இடத்தில் ஒரு இளைஞன் விலையுயர்ந்த பைக்கைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். "தம்பி, வண்டியைக் கொஞ்சம் எடுங்க" என்றாள் அரசி. அவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுபடி சொன்னாள். பேச்சை நிறுத்தாமலே அவள் தோளில் கையை வைத்து, திரைச்சீலையை ஒதுக்குவது போல அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, ஜூஸ் கடைப் பக்கம் போனான். அவள் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டாள். அவள் கை இடுப்புப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஐயோ, என் போனைக் காணோம்" என்று ஒரு பெண் கத்தினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கைலியை மடித்துக் கட்டிய ஒரு ஆள் கூட்டத்தை விட்டு வேகமாக வெளியே போய்க்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையில் முதல் இரண்டு பொத்தான் இல்லை.

"யோவ், நில்லு" என்றாள் அரசி.

அவர் நின்றார்.

"மடியில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா" என்றபடி அவர் வலது கையை இடுப்பு மடிக்குக் கொண்டுபோனார்.

அதன்பின் அரசிக்குத் தெரிந்தது, தன் முழங்கால் அவர் முதுகில் இருப்பதும், அவர் கை பின்னால் வளைந்து தன் பிடியில் இருப்பதும்தான். முறுக்கு ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டிருந்தது. அவர் மடியிலிருந்து ஒரு வெற்றிலைப் பொட்டலமும் பேருந்துச் சீட்டும் விழுந்து கிடந்தன. நடுவில் கழிந்த நேரம் அவளிடம் இல்லை. எங்கே போனது என்று தெரியவில்லை.

தொலைந்த போன், அந்தப் பெண்ணின் பையிலேயே இன்னொரு ஜிப்புக்குள் இருந்தது.

அடிபட்டவர் பெயர் அய்யாக்கண்ணு. பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் பரோட்டா மாஸ்டர். மாவு பிசைய நேரமாகிவிட்டதென்று வேகமாக நடந்திருக்கிறார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. தோள் மூட்டு இறங்கியிருந்தது. மணிக்கட்டு பழையபடி சுழலுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார்.

டீக்கடைக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. டாக்டர் பர்வீன் அதை ஆய்வகத்தில் அரசிக்குப் போட்டுக் காட்டினார். முதலில் பைக் இளைஞன். பிறகு அய்யாக்கண்ணு. அரசி நான்கு முறை பார்த்தாள்.

"ஒண்ணே முக்கால் விநாடி" என்றார் டாக்டர். "அவர் கை மடிக்குப் போனதுலேர்ந்து கீழ விழற வரைக்கும். யோசிச்சுப் பண்றதுக்கு அந்த நேரம் பத்தாது."

"முதல் ஆளு என்னைத் தொட்டுத் தள்ளுறான் மேடம். அவனுக்கு என் கை எந்திரிக்கவே இல்ல. இவர் என்னைத் தொடக்கூட இல்ல. எப்படி?"

படத்தை நிறுத்தி வைத்த இடத்தில் அய்யாக்கண்ணுவின் முகம் தரையில் அழுந்தியிருந்தது.

"சண்டை போடுற விதத்தைத்தான பதிவு பண்ணினேன்னு சொன்னீங்க. யாரைப் பார்த்தா சண்டை போடணுங்கிறதும் அதோட சேர்ந்து வருமா?"

"எனக்குத் தெரியல அரசி." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் தசையைத்தான் பதிவு பண்ணினேன். ஆனா ஒரு தசை எப்போ இறுகணும்னு முடிவு பண்றது கண்ணு. அந்த ஆளு எத்தனையோ வருஷம் பார்த்த முகம், உடுப்பு, நடை எல்லாம் அதுக்குள்ள இருக்கும். இவன்கிட்ட பாத்து நடந்துக்கணும், இவன்கிட்டப் பயமில்லன்னு உடம்பு கத்து வெச்சிருக்கும். நாங்க சோதனை பண்ணினப்போ எதிர்ல நின்னவங்க எல்லாருமே போலீஸ்காரங்க. ஒரே மாதிரி பஞ்சு உடுப்பு. அதனால இது எங்க கண்ணுல படாமப் போயிருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்."

"அப்போ இது ஏட்டய்யா கைதானே?"

"பட்டியலைத் திறக்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அதுக்கு முன்னாடி திறக்க எனக்கு அதிகாரமில்ல."

டிஎஸ்பி ராஜமன்னாருக்கு அவ்வளவு குழப்பம் இருக்கவில்லை. அவர் அரசியை உட்கார வைத்துத்தான் பேசினார். "சட்டையோட விளைவால நடந்தது, எனக்குத் தெரிஞ்சு செய்யலன்னு எழுதிக் கொடு. உன் மேல நடவடிக்கை வராது. கையில தப்பு இருந்தா அந்த முறையை விட்டுட்டு இன்னொண்ணை வாங்கிட்டுப் போறோம். அந்த ஆளுக்கு அரசாங்கம் வைத்தியம் பாத்துக்கும். யாருக்கும் நட்டமில்ல."

"நான்தான் பண்ணினேனா, இல்லையான்னே எனக்குத் தெரியலங்கய்யா."

"அதைத்தாம்மா எழுதச் சொல்றேன்."

வீட்டில் அவள் கணவன் தனபால் அவளைச் சுற்றி ஜாக்கிரதையாக நடமாட ஆரம்பித்திருந்தான். பின்பக்கமாக வந்தால் தொண்டையைக் கனைத்துவிட்டு வந்தான். ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள், வளையல் தழும்பு, பள்ளிக்கூடக் காலத்தில் கம்பி கீறிய வடு எல்லாம் அப்படியே இருந்தன.

"என்ன பாக்குற?" என்றான் அவன்.

"இது என்னோடதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. "முந்தாநாள் என் தோள்ல கையப் போட்டியே. அப்போ அது யாரு?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியவனாக வெளியே போய்விட்டான்.

அந்த வார விடுப்பு நாளில் அவள் ஆரோக்கியசாமியைத் தேடிக்கொண்டு போனாள்.

அவர் லால்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருந்தார். அறுபத்தாறு வயது. அவள் போனபோது, முந்தின நாள் விசேஷத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கைகள். நாற்காலியைத் தரையில் உரசாமல் தூக்கி வைத்தார்.

அவள் தன்னை யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நாற்காலிகளை அடுக்கினார். முடித்தபின் ஒரு நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்தார்.

"அந்த ஆளு என்னம்மா உடுத்தியிருந்தாரு?"

"கைலி ஏட்டய்யா."

"மடிக்குக் கையைக் கொண்டுபோனாரு."

"ஆமா."

"பைக்கில வந்தவன்?"

"பேன்ட், வெள்ளை ஷூ. நல்ல வசதியான வீட்டுப் பையன் மாதிரி."

ஆரோக்கியசாமி தன் கைகளை முழங்கால் மேல் வைத்து அவற்றைப் பார்த்தார்.

"அப்போ அது என் கைதாம்மா" என்றார்.

அரசி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"லத்தியைத் தூக்காத ஏட்டுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஏன் தூக்கலன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்கு அப்போ நாப்பது வயசு. முசிறி ரோட்டுல செக்போஸ்ட்டு. வாழைத்தார் ஏத்தின லாரியிலேர்ந்து சுமை தூக்குற ஆளு ஒருத்தன் இறங்கினான். பேர் கேட்டேன். சொல்றதுக்குக் கொஞ்சம் தாமதம் பண்ணினான். அவ்வளவுதான் அவன் பண்ணின தப்பு. கையைப் பிடிச்சு முறுக்கினேன். முழங்கை போயிடுச்சு. அப்புறம் அவனால அந்தக் கையை மடக்கவே முடியல. கேஸ் ஒண்ணும் ஆகல. அவன் எங்க போய்ச் சொல்லுவான்? அதே லாரியில முன்னாடி உக்காந்திருந்த முதலாளி என்கிட்ட எகிறிப் பேசினான். அவனை நான் தொடக்கூட இல்ல. உங்க டாக்டரம்மா வந்து பதிவு பண்றேன்னப்போ இதையெல்லாம் சொல்லணும்னுதான் இருந்தேன். கையைத்தான எடுக்கறாங்க, இதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தார். முசிறி ரோட்டில் நடந்ததையும் சேர்த்து, விசாரணை அதிகாரிக்கு அங்கேயே ஒரு கடிதம் எழுதினார். தன்னிடம் இருந்த கெட்ட பழக்கம் இந்தப் பெண்ணுக்குத் தொற்றிவிட்டது, குற்றம் தன்னுடையது, என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று. எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கையெழுத்துப் போட்டு, மடித்து அவளிடம் கொடுத்தார்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது அரசிக்கு மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. ஒரு வயதான மனிதரை மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு வருகிறோமே, நமக்கு ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அடுத்த நிறுத்தத்தில் தோன்றியது. அதற்கடுத்த நிறுத்தத்தில் மறுபடி நிம்மதியாக இருந்தது. கடிதத்தை மறுநாள் டிஎஸ்பி அலுவலகத்தில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, "நல்ல மனுஷன்" என்றார்.

ஐந்து வாரம் கழிந்தது. பட்டியலைத் திறந்த அன்று காலை டாக்டர் பர்வீன் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

"உக்காருங்க."

"ஏட்டய்யா கைதானே மேடம்?"

"இல்ல."

"அப்போ சுபேதாரா? ஆனா என் பிடி..."

"அவரும் இல்ல." டாக்டர் திரையை அப்பால் திருப்பி வைத்தார். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தது போலிருந்தது. "இந்த மாதிரி ஆய்வுல மூணாவதா ஒரு பிரிவு வைப்போம். அவங்களுக்கும் அதே சட்டை, அதே கட்டில், அதே நாப்பது நாள். ஆனா அந்தச் சட்டையில பதிவு எதுவும் இருக்காது. சும்மா ஊர்ற மாதிரி ஒரு கூச்சம் மட்டும் இருக்கும். மத்த ரெண்டும் உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல வேலை செய்யுதுன்னு நம்பறதாலதான் வருதான்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல இது இருந்துச்சு. நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தர்கூட அதைப் படிக்கல."

அரசிக்கு முதலில் புரியவில்லை. "பழுதான சட்டையா?"

"பழுது இல்ல. காலிச் சட்டை. அதுல ஒண்ணுமே இல்ல."

"சோதனையில நான் எட்டு விநாடியில ஆளைப் பிடிச்சேனே."

"அது உங்க பிடி. இத்தனை வருஷம் வேலையில பழகினது. யாரோ ஒரு கெட்டிக்காரர் நமக்குள்ள இருக்கார்னு நம்பினதும் தயங்காம வந்திருக்கு. அந்தப் பிரிவுல பாதிப் பேருக்கு அப்படித்தான்."

"பஸ் ஸ்டாண்டுல?"

டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மேடம், எனக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுத்ததே இல்ல. கைலி கட்டினவனை அடி, பேன்ட் போட்டவனை விடுன்னு ஒரு வகுப்புலகூட சொன்னதில்ல."

"தெரியும்."

"நான் யாரையும் அப்படி நினைச்சதுகூட இல்ல மேடம். எங்கப்பா கைலிதான் கட்டுவார்."

டாக்டர் திரையை மறுபடி முன்னால் திருப்பினார். "இன்னொண்ணு இருக்கு" என்றார். "ஆரோக்கியசாமி கை பதினாலு பேருக்குப் போயிருக்கு. மூணு மாசத்துல அந்தப் பதினாலு பேர் மேலயும் ஒரு புகார்கூட இல்ல. எல்லாரோட தெருக் கேமராப் பதிவையும் முன்னாடியே உக்காந்து பாத்திருந்தேன். பிடிக்கிறதுக்கு முன்னாடி அத்தனை பேருக்கும் கை ஒரு நொடி நிக்குது. யாரைப் பிடிச்சாலும் நிக்குது. இது வேண்டாத தாமதம்னு நான் நினைச்சேன், பதிவுல ஏதோ பிசிறுன்னு. அவர் கடிதத்தைப் படிச்சப்புறம் அப்படித் தோணல. அந்த வாழைத்தார் ஆளுக்கு அப்புறம் அவர் உடம்பு தானாக் கத்துக்கிட்டதா இருக்கலாம். அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அன்று பிற்பகல் டிஎஸ்பி அவளைக் கூப்பிட்டார். அவர் முன்னால் இரண்டு அறிக்கை நகல்கள் இருந்தன.

"போலீஸ் முறையையே வாங்கலாம்னு எழுதியாச்சு. எண்ணிக்கை அதைத்தான் காட்டுது" என்றார். "உன் விஷயம்தான் இடிக்குது. காலிச் சட்டைன்னு வெளிய தெரிஞ்சா நீ மாட்டிக்குவ. அதனால உன் பேரை ஆய்வுலேர்ந்தே எடுத்துடலாம். உடம்பு சரியில்லாம நடுவுல விலகிட்டேன்னு வெச்சுக்கலாம். ஆரோக்கியசாமி கடிதம் கோப்புல அப்படியே இருக்கட்டும்."

"அவர் பண்ணாததுக்கு அவர் எழுதிக் கொடுத்தது ஐயா அது."

"பண்ணினதுக்குந்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி பண்ணியிருக்காருல்ல. அவருக்கும் மனசு ஆறிடுச்சு, உனக்கும் வேலை தப்பிச்சுது. நீ ஏன் குழப்பிக்கிற?"

அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவே அரசிக்குப் பட்டது. வெளியே வந்து, மையத்தின் வாசலில் வேப்ப மரத்தடியில் அரைமணி நேரம் நின்றாள். தான் ஒரு கெட்டவள் என்று நினைத்துப் பார்த்தாள். அது பொருந்தவில்லை. தான் நல்லவள் என்று நினைத்துப் பார்த்தாள். அதுவும் பொருந்தவில்லை. அந்த ஒண்ணே முக்கால் விநாடியில் அங்கே இருந்தது யார் என்றுதான் தெரியவில்லை. அவளைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

உள்ளே போய், எழுத்தரிடம் தாள் வாங்கி எழுதினாள். நான் அணிந்த சட்டையில் எந்தப் பதிவும் இல்லை. அய்யாக்கண்ணு என்பவரை நான்தான் தாக்கினேன். ஏன் தாக்கினேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியசாமி அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு வரிதான் வந்தது. கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினாள். டிஎஸ்பி அதைப் பார்த்துவிட்டு அவளைத் திட்டவில்லை. "உன் இஷ்டம்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரக் கடைசியில் அவளைத் தற்காலிகப் பணி நீக்கம் செய்து உத்தரவு வந்தது.

ஆரோக்கியசாமிக்குப் போன் செய்து சொன்னாள். மறுமுனையில் நாற்காலி உரசும் சத்தம் கேட்டது.

"உங்க கை யாரையும் அடிக்கல ஏட்டய்யா. பதினாலு பேருக்குப் போயிருக்கு. அத்தனை பேருக்கும் அடிக்கறதுக்கு முன்னாடி நிக்குதாம்."

"என் கையா?"

"ஆமா."

"அன்னைக்கு முசிறி ரோட்டுல அவன்கிட்ட நின்னிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

மறுநாள் மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அரசி அந்த உணவகத்துக்குப் போனாள். சீருடை இல்லை. சாதாரணப் புடவை. அய்யாக்கண்ணு கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் தோல் பட்டை. இடது கையால் மாவு உருண்டைகளை எண்ணெய் தடவித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். கல்லில் வேறொரு ஆள் வீசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அய்யாக்கண்ணுவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"உக்காருங்கண்ணே" என்றாள்.

அவர் உட்காரவில்லை. "சொல்லுங்க மேடம்" என்றார்.

அவள் நின்றபடியே சொன்னாள். சட்டையைப் பற்றி, அதில் ஒன்றும் இல்லாததைப் பற்றி. அவருக்குப் புரிய வேண்டுமென்று இரண்டு முறை சொன்னாள்.

"மிஷின் பண்ணின தப்புன்னு சொன்னாங்களே மேடம். டிஎஸ்பி ஐயாகூட ஆஸ்பத்திரிக்கு வந்து அப்படித்தான் சொன்னாரு."

"மிஷின் இல்லண்ணே. நான்தான்."

அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "மிஷின்னு சொன்னப்போ கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. மிஷினுக்கு நம்மளைத் தெரியாது. யாரு வந்திருந்தாலும் அடிச்சிருக்கும், நம்ம நேரம்னு இருந்துட்டேன்." அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குத் தப்பிப்போனவர் மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது போலப் பேசினார். "முன்னாடி என்னை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"நான் ஏதாச்சும் தப்பாப் பேசினேனா?"

"இல்லண்ணே."

"அப்புறம் ஏன் மேடம்?"

கல்லில் வீசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பார்த்தான். அரசி பையைத் திறந்தாள்.

"நீங்க கேஸ் போடலாம். என் மேல. வக்கீல் கேட்டா இதைக் காட்டுங்க. நானே எழுதினது, முத்திரை போட்டிருக்கு." வாக்குமூலத்தின் நகலை எடுத்து, அவரிடம் கொடுக்க ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

அய்யாக்கண்ணு சட்டென்று பின்னால் போனார். முக்காலி சாய்ந்து விழுந்தது. பட்டை போட்ட கை முகத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. முழங்கை வெளியே, தலை தோளுக்குள், கண் மூடி. மாவுத் தட்டு கவிழ்ந்து உருண்டைகள் தரையில் உருண்டன.

பிறகு அவர் மெதுவாகக் கையை இறக்கினார். அடி விழவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. தன் கையை ஏதோ பக்கத்து வீட்டுக்காரனுடையதைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்" என்றார். "இப்பல்லாம் யாராச்சும் கையை நீட்டினா இப்படித்தான் ஆகுது. வீட்டுல பொண்டாட்டி தண்ணி கொடுத்தாக்கூட. நான் ஒண்ணும் பண்றதில்ல. அதுவா வருது."

அரசி தாளைப் பக்கத்து மேசையில், தண்ணீர் ஜக்குக்கு அடியில் வைத்தாள். பிறகு அவர் பார்க்கும்படி இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, வாசல் வரை பின்னோக்கியே நடந்து போனாள்.